வீட்டு உபயோகத்துக்கு

கஸ்தூரி வியாபாரம் செய்கிறாளா என்று ஆவடி குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும், "சேச்சே, அதெல்லாம் இல்லையே" என்பார்கள். சொன்ன கையோடு அவள் வீட்டுப் பின்பக்கச் சுவரை எட்டிப் பார்ப்பார்கள். சுவர்மேல் டம்ளர் கவிழ்ந்திருந்தால் இட்லி மாவு இருக்கிறது, நிமிர்ந்திருந்தால் தீர்ந்துவிட்டது. போர்டு கிடையாது, கூவி விற்பது கிடையாது. தூக்குப்பாத்திரத்தோடு வருகிறவர்கள் ஏதோ அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிப் பின்வாசல் வழியாக நுழைந்து, "வீட்டுக்காரருக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவார்கள்.

இவ்வளவு நாடகமும் எஸ்டேட் ஆபீஸுக்காக. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வியாபாரம் நடத்தக் கூடாது என்பது விதி. டியூஷன் எடுக்கிறவர்களும் தவணையில் புடவை விற்கிறவர்களும் ஊறுகாய் போடுகிறவர்களும் வரிசைக்கு வரிசை இருந்தார்கள். எழுத்தில் புகார் வராதவரை ஆபீஸுக்குக் கண் தெரியாது. வந்துவிட்டால் மட்டும் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிடும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள்.

கஸ்தூரிக்கு வீடு போனால் எல்லாம் போயிற்று. அவள் கணவர் பக்தவத்சலம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவருக்கு இடக் கையும் இடக் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போயிற்று. இருந்த லீவெல்லாம் தீர்ந்தது, அரைச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. அந்தப் பெயர் இருக்கிறவரை தலைக்குமேல் கூரை இருந்தது. கூரைக்குக் கீழே, பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து, நாலு வயிறும் நிறைந்தது மாவினால்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாசம், வீட்டிலிருந்த சின்ன கிரைண்டர் போதவில்லை என்று கழுத்துச் சங்கிலியை விற்றுவிட்டு அம்பத்தூருக்குப் போனாள். வீராசாமி கடை என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வாசலில் வாழைமரம், தோரணம், ஆடித் தள்ளுபடி பேனர், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. வீராசாமி நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறையச் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உள்ள வா. எத்தினி லிட்டர் பாக்கற? இத்தப் பாரு, கம்பெனியிலருந்து நேத்துதான் எறங்கிச்சு. உன் பேரப்புள்ள காலத்துக்கும் ஓடும்."

"புதுசு தானுங்களே?"

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட! வீராசாமி கடையில பழசு வாங்கணும்னா நீ என்னைத்தான் வாங்கிகினு போவணும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்ட பிறகு இன்னொரு கேள்வி கேட்க மனசு வராது என்பது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

நீலப் பெயிண்ட் பளபளக்க மிஷின் வந்து இறங்கியது. புதுப் பொருள் வந்தால் எல்லாரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, முன்பக்கம் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, சூடம் காட்டினாள். முதல் ஈடு மாவைப் பார்த்துப் பக்தவத்சலத்துக்கே முகம் மலர்ந்தது.

மலர்ச்சி ஆவணி வரைக்கும் தாங்கவில்லை. மோட்டார் சூடேறிக் கருகல் நாற்றம் அடித்தது. கை ஈரமாக இருக்கும்போது தொட்டியைத் தொட்டால் விரல் நுனியிலிருந்து தோள்வரை சுரீர் என்று இழுத்தது. ஒரு தடவை எகிறிப் பின்னால் விழுந்து முழங்கை பெயர்ந்தது. பூந்தமல்லியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சுலைமான் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கியோ ரொம்ப நாள் ஓடின மோட்டாரு மாதிரி கீதே. நான் ஒயரு மாத்தித் தர்றேன். ஆனா வாங்கின எடத்துல கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கடையில் கேட்டாள். ஈரக் கையோடு தொட்டால் எந்த மிஷினும் அடிக்கத்தான் செய்யும் என்றார் வீராசாமி.

உண்மை ஆயுத பூஜை அன்று வெளியே வந்தது. அன்று எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டுமே. மிஷினின் பக்கவாட்டை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். சூட்டில் உப்பியிருந்த நீலப் பெயிண்ட் வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது. அடியில் பச்சைப் பெயிண்ட். அந்தப் பச்சையின் மேல் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டுகள், காய்ந்து வெடித்து, நடுவில் கருத்துப்போன குங்குமத்தோடு.

கஸ்தூரிக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. யாரோ ஒருத்தி, எந்த ஊர்க்காரியோ, இதே மாதிரி ஓர் ஆயுத பூஜைக்கு இதே மிஷினைக் கும்பிட்டிருக்கிறாள். பெயிண்ட் அடித்தவனுக்கு அதைச் சுரண்ட நேரமில்லையோ, சாமி விஷயம் என்று பயந்தானோ, மேலேயே அடித்து மூடிவிட்டான்.

"யாரோ... கும்பிட்டது" என்று படுக்கையிலிருந்து குழறினார் பக்தவத்சலம்.

அப்போது அவள் செய்ததை ஊரில் எந்த வக்கீல் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார். ஒட்டிக்கொண்டிருந்த பெயிண்ட் செதில்களைத் துடைத்துச் சுத்தம் செய்தாள். பூஜை நாளில் பொட்டுப் பாழாகக் கிடக்கிறதே என்று, அந்தப் பழைய பொட்டுகள் மூன்றின் மேலும் புதுச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, புதுக் குங்குமம் இட்டாள். சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் வீராசாமியைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. குவார்ட்டர்ஸில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள்.

வீராசாமி வந்து குனிந்து பார்த்தார். சிரிப்பு குறையவில்லை. "பச்சை முதல் கோட்டுமா, கம்பெனியே அடிக்கிறது. பொட்டு உன்னுது தானே? இன்னும் ஈரம்கூடக் காயல."

"அடியில பழசு கீதுங்க."

"அடியில கீறத நீயே மூடிட்டு என்னைத் தேடச் சொல்றியே, நியாயமா?"

போகும்போது சுற்றும் முற்றும் பார்த்தார். அடுக்கி வைத்த தூக்குப்பாத்திரங்களையும் ஊறிக்கொண்டிருந்த அரிசி அண்டாக்களையும் பார்த்து ஒரு தடவை தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் கஸ்தூரிக்குப் பிடிக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் சமூகக் கூடத்தில் நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது அந்த மாசம்தான். சுண்டல் கொடுத்ததால் நல்ல கூட்டம். தபால் ஆபீஸில் ரிட்டையராகி மேனாம்பேட்டில் இருந்த பார்த்தசாரதி என்பவர், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, "ஏமாற்றும் வியாபாரியைக் கேட்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, வக்கீல்கூட வேண்டாம்" என்று முழங்கினார். எல்லாரும் சுண்டல் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். கஸ்தூரி மட்டும் வாசலில் காத்திருந்து தன் கதையைச் சொன்னாள்.

பார்த்தசாரதிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. நல்ல மனிதர்தான். ஒரு கேஸ் கிடைத்தால் அவருக்குப் பசி தெரியாது. "உடனே புகார் போடறோம்மா. ஒண்ணே ஒண்ணு. வியாபாரத்துக்கு வாங்கின பொருளுன்னா இந்தச் சட்டம் பொருந்தாது. அவங்களை நுகர்வோர்னே எடுத்துக்க மாட்டாங்க. வீட்டு உபயோகத்துக்கு வாங்கினதுன்னு சொல்லிடுங்க."

"அப்படித்தான் சார் சொல்லணும். வேற மாதிரி சொன்னா எங்களுக்கு ஊடே இல்ல" என்றாள் கஸ்தூரி. இரண்டுக்கும் ஒரே பொய் போதும் என்பது அப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

விசாரணை அடுத்த வருஷம் வந்தது. கணவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ரயில் மாறி ரயில் ஏறி மாவட்ட மன்றத்துக்குப் போனாள். தாழ்வாரத்து பெஞ்சில் வீராசாமி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, வூட்டுக்காரரு எப்படி கீறாரு? பாவம். எனக்கும் எஸ்டேட் ஆபீஸ்ல தெரிஞ்ச ஆளுங்க கீறாங்க. நான் எதுவும் சொல்லல. ஒரு ஏழைக் குடும்பத்தை நடுத்தெருவுல விடற ஆளு இல்ல நான். நீ மட்டும் உள்ள போயி வியாபாரம் அது இதுன்னு பேசி வெச்சுராத. அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

அவர் பயமுறுத்தியதாக யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற ஒருவர், நல்ல மனுஷன் என்றுகூட நினைத்திருப்பார்.

உள்ளே வீராசாமியின் வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு.

"உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நாலு பேருங்க."

"நாலு பேருக்கு எதுக்கும்மா ஹோட்டல் சைஸ் கிரைண்டர்?"

"சொந்தக்காரங்க வந்துகினே இருப்பாங்க."

"தினமும் வருவாங்களா?"

"அ... ஆமாங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொட்டு விஷயத்தையும் வக்கீல் விடவில்லை. பொட்டு வைத்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அடியில் இன்னொருத்தர் வைத்தது இருந்தது என்றாள். அதை வேறு யாராவது பார்த்தார்களா என்றார். படுத்த படுக்கையாக இருக்கிறவர் பார்த்தார் என்றாள். மோட்டார் பழசு என்று சொன்ன சுலைமான், கடைக்காரரோடு பகை வேண்டாம் என்று சாட்சிக்கு வரவில்லை. அவ்வளவுதான் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

மன்றத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் அவளை அதிகம் வதைத்தது.

"அம்மா, பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க. இந்த மிஷினை வெச்சு நீங்க என்ன செய்யறீங்க?"

சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. நான் மாவரைத்து விற்கிறேன் ஐயா, என் புருஷன் படுத்துவிட்டார், இந்த மிஷின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அது என்னை அடிக்கிறது, நான் வலியோடு அரைக்கிறேன் என்று கொட்டிவிடலாம். கொட்டினால் சட்டம் அவளை நுகர்வோர் இல்லை என்று தள்ளும், எஸ்டேட் ஆபீஸ் வீட்டைவிட்டுத் தள்ளும். பொய் சொன்னால் நம்ப மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது. கதவு எங்கே என்று கேட்கத்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

"ஊட்டுக்குத்தானுங்க ஐயா" என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புகார் தள்ளுபடி ஆயிற்று. பொருள் வணிக நோக்கத்துக்கு வாங்கப்பட்டது, வீட்டு உபயோகம் என்ற கூற்று நம்பும்படியாக இல்லை, பழைய இயந்திரம் என்பதற்கு ஆதாரமும் இல்லை. திரும்பி வருகிற ரயிலில் பார்த்தசாரதி என்னென்னவோ ஆறுதல் சொன்னார். கஸ்தூரிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நஷ்டம்கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தின் நடுவில், நாலு பேர் சிரிக்க, தன்னைப் பொய்க்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

மறு வாரமே வீராசாமி ஒரு டப்பா இனிப்போடு வீட்டுக்கு வந்தார். பக்தவத்சலத்தின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். கிளம்பும்போது கஸ்தூரியிடம், "பழசெல்லாம் மறந்துடலாம். நான் எஸ்டேட் பக்கம் தலை வெச்சும் படுக்கல. நீயும் என் கடையப் பத்தி வெளிய எதுவும் பேசாத. இன்னாம்மா?" என்றார். அவள் தலையாட்டினாள். அந்த இனிப்பை அவள் தொடவில்லை. பிள்ளைகள் தின்றார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், பார்த்தசாரதி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கையில் பேப்பர்.

"அம்மா! சட்டத்தைத் திருத்திட்டாங்கம்மா! பிழைப்புக்காகச் சொந்தமா தொழில் பண்றவங்க வாங்கற பொருள் வியாபார நோக்கத்துல சேராது. தையல் மிஷின், ஆட்டோ, கிரைண்டர், எதுவானாலும். உங்களை மாதிரி ஆட்களுக்காகவே பண்ணின மாதிரி இருக்கு!"

கஸ்தூரி அந்தப் பேப்பரை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிஜமாகவே தன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தது. உழைத்துப் பிழைக்கிறவள் என்று ஒரு சட்டம் தன்னைப் பார்த்துச் சொல்கிறது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ என் கேஸு, சார்?"

"மேல்முறையீட்டுக்குக் காலம் தாண்டிடுச்சு. ஆனா தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு முயற்சி பண்ணலாம்னு தெரிஞ்ச வக்கீல் சொல்றார். நீங்க ஒரு பிரமாணம் தரணும். நான் வீட்டுல மாவரைச்சு வித்துத்தான் பிழைக்கிறேன்னு. அது போதும்."

"ஊட்டுலன்னா, இந்தக் குவார்ட்டர்ஸ் ஊட்டுலன்னா?"

பார்த்தசாரதி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வீட்டு உபயோகம்னு சத்தியம் பண்ணேன். இன்னிக்கு வியாபாரம்னு சத்தியம் பண்ணணுமா?"

"அன்னிக்குச் சட்டம் அப்படி இருந்ததும்மா..."

"அன்னிக்கு இல்லன்னு சொன்னேன், அதனால போச்சு. இன்னிக்கு ஆமான்னு சொன்னா ஊடு போவும். சட்டம் நல்லா கீது சார். அது ஏறி வர்றதுக்கு எனக்குத்தான் வாசல் இல்ல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் வந்ததா, தன்மேல் வந்ததா, அவருக்கே தெரிந்திருக்காது. "இப்படி எல்லாரும் பயந்து ஒளிஞ்சா எந்தச் சட்டம் வந்து என்னம்மா பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போனார். பேப்பரை மறந்துவிட்டுப் போனார். அவள் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளானூர்ப் பொன்னியம்மா வந்தாள். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, கஸ்தூரியிடம் தினமும் மாவு வாங்கித்தான் இரண்டு பெண் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, கோச்சுக்காத. இனிமே மாவு நானே ஆட்டிக்கலாம்னு கீறேன். சீட்டு எடுத்துட்டேன். அம்பத்தூர்ல வீராசாமி கடையில நீலக் கலர்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். உன் மிஷின் மாதிரியே கீது. அவுருகூடச் சொன்னாரு, ஆவடி குவார்ட்டர்ஸ்ல கஸ்தூரியம்மா நம்ம மிஷின்தான் வெச்சிருக்காங்க, போய் வேணா கேட்டுக்கோன்னு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நல்லா ஓடுதா?"

எவ்வளவு துணிச்சல் அந்த மனுஷனுக்கு! அவள் வாய் திறக்காது என்று அவ்வளவு நிச்சயம். வாங்காதேடி என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொன்னியம்மா நேராகக் கடைக்குப் போய், கஸ்தூரியக்கா இப்படிச் சொன்னாங்களே என்று கேட்பாள். கேட்காமல் இருக்கத் தெரியாத வெகுளி அவள். அன்று சாயங்காலமே எஸ்டேட் ஆபீஸுக்கு எழுத்தில் புகார் போகும். உள்ளே பக்தவத்சலம் இருமுவது கேட்டது. பொன்னியம்மாவோ, வாடிக்கை போகிறதே என்று அக்காவுக்கு வருத்தம் என நினைத்து, கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா. உன்ன நம்பித்தான் வாங்கப் போறேன்."

"நல்லாத்தான்... ஓடுது" என்றாள் கஸ்தூரி.

"அது போதும்க்கா!"

"பொன்னி, ஒரு நிமிஷம். ஆட்டசொல்ல கால்ல ரப்பர் செருப்பு போட்டுக்கோ. கை ஈரமில்லாம தொடு."

பொன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாக்கா நீ! சோறு போடற மிஷினு, லச்சுமி. அதுங்கிட்ட செருப்புக் காலோட நிப்பாங்களா? நான் வெறுங்காலோட, தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத் துணியோடதான் மொத ஈடு போடுவேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஓடினாள். கஸ்தூரி வாசல்வரை போனாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் பொன்னியம்மா இருந்தாள். திருப்பம் வரும்வரை கஸ்தூரி பார்த்துக்கொண்டே நின்றாள், கூப்பிடவில்லை.